டிக்கிக்குள் குத்திய எண்

உச்சி வேளை. பாபநாசத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டிப் போகிற ஒற்றை ரோடு. பஸ் போகாத ரோடு. ஆனி மாதம் மலைக்காற்று இறங்கி மருத மரங்களை உலுக்குகிற காலம். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை… மூன்று பேர் நடந்து போகிறார்கள். அவர்களுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது.

ராத்திரியில் சொல்கிறேனே தவிர, இது ராத்திரிக் கதை அல்ல. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிற நேரத்தில். கரண்ட் வருகிறவரை கேளுங்கள். கோமதிநாயகம், நாளைக்குப் பழைய கார் பார்க்கப் போகிறேன், எண்ணைப் படித்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று பந்தியில் பெருமை பேசினாயே. நீ கிட்ட வந்து உட்கார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம் குடும்பத்தில் நடந்ததல்ல. நம் குடும்பத்தில் இப்படி நடக்காது. என் மைத்துனன் அருணாசலத்துக்குச் சிநேகிதர் பூதலிங்கம். அவர் வீட்டில் நடந்தது. அந்த ஒற்றை ரோட்டில் நடந்த மூன்று பேரில் அருணாசலமும் ஒருவன். என்னிடம் ஒரு தடவைதான் சொன்னான். மறு தடவை கேட்டபோது, "நான் எப்ப அத்தான் சொன்னேன்?" என்று எழுந்து போய்விட்டான்.

பூதலிங்கம் சேரன்மகாதேவிக்காரர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நல்ல வயல்கள் வைத்திருந்த குடும்பம். அவர் தலையெடுத்தபோது வயல் போய்விட்டது, உத்தியோகம் வந்தது. நடையில் மட்டும் வயல் போகவில்லை. அப்படியொரு நிமிர்வு. ஒரே மகள் அனுராதா. பாளையங்கோட்டை உலகநாதன் வீட்டில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை இன்ஜினியர். உலகநாதன் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேயில்லை என்பதுதான் விஷயம். நிச்சயதார்த்தப் பந்தியில் யாரோ ஒருவர், "மாப்பிள்ளைக்கு என்ன செய்யுதீங்க அண்ணாச்சி?" என்று சும்மா வாயைக் கிளறினார். பூதலிங்கம் நிமிர்ந்து, "கார். தொண்ணூத்தஞ்சு மாடல்," என்றார்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். புது வண்டிக்கு அவரிடம் வசதி இல்லை. ஆனால் சபையில் வார்த்தை விழுந்துவிட்டது. உலகநாதன் சும்மா இருப்பவரும் அல்ல. "வண்டி வரட்டும், சேசிஸ் நம்பரைப் பாத்து நானே வருசம் சொல்லிருவேன்," என்று அந்தப் பந்தியிலேயே சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு வருஷம் பழசாக இருந்தாலும் அது தெரிந்துவிடும். தெரிந்தால் பூதலிங்கத்தின் வாக்கு பொய். வாக்குப் பொய்யானவன் வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்?

அப்போதுதான், பாபநாசத்தில் சிவசண்முகம் என்பவரிடம் ஒரு வண்டி நிற்கிறது, தொண்ணூற்றைந்து, அதிகம் ஓடாதது, நம்முடைய ஆள்தான் என்று தகவல் வந்தது.

எண்ணைப் படிப்பதற்கு வளனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியதாழைக்காரர். வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூதலிங்கத்தோடு கல்லூரியில் படித்தவர். வாய் ஓயாது.

"வண்டிக்கு வாய் கிடையாது வே. நம்பர்தான் அதுக்கு வாய்," என்றார் நடக்கும்போதே.

"உமக்கு இருக்கிற வாய் போதும். பேசாம வாரும்," என்றார் பூதலிங்கம்.

தோட்ட வீடு. சிவசண்முகம் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, பட்டையாகத் திருநீறு. வாருங்கள் என்றார். சிரிக்கவில்லை. கொட்டகையில் வண்டி நின்றது. மேலே பழைய ஜமுக்காளம். உருவினார். அம்பாசிடரும் பியட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு மாதிரி இருந்தது. வெள்ளை. பின்பக்கம் நீண்ட டிக்கி. ஒரு கீறல் இல்லை.

வளன் முன்பக்கம் திறந்து, உள்ளே அடித்திருந்த தகட்டைத் துடைத்தார்.

"இங்கன பாரும். பதினேழு எழுத்து. ஐ வராது, ஓ வராது. ஒண்ணு, பூஜ்யத்தோட குழம்பிரும்லா. முதல் மூணு யாரு செஞ்சாங்கிறது. நடுவுல என்ன வண்டி, என்ன எஞ்சின். இந்தா இருக்கு பாரும், எஸ். எஸ்னா தொண்ணூத்தஞ்சு. கடைசில உள்ளது இது எத்தனாவது பிள்ளைங்கிறது."

"அப்ப முடிஞ்சுதா?"

"என்ன முடிஞ்சுது? இந்தத் தகடை ரெண்டு ஆணில அடிச்சிருக்கான். நானே கழத்திட்டு வேற மாட்டிருவேன். உடம்புல குத்தின நம்பரைப் பாக்கணும். அதை மாத்த முடியாது. இந்த வண்டிக்கு அது டிக்கிக்குள்ள இருக்கு."

சிவசண்முகம் அதுவரை தூணோடு தூணாக நின்றவர்… "அங்கனயும் பாக்கணுமா?" என்றார்.

"அங்கன பாக்காம வாங்குதவன் கிறுக்கன்," என்றார் வளன்.

சாவி மெதுவாக வந்தது. மூடி எழும்பியது. உள்ளேயிருந்து ஒரு சூடு. நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைத் தூக்கினாற்போல முகத்தில் அறைந்தது. மாதக்கணக்கில் நிழலில் நின்ற வண்டி அது. வாடையும் வந்தது. மருதாணி வாடை. அதற்கு அடியில் மூத்திர வாடை.

வளன் மூக்கைச் சுளித்துக்கொண்டே குனிந்தார். விரிப்பை ஒதுக்கினார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் எண் இருந்தது. வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, இடக்கையால் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார். சரக்… சரக்… கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழும்பின. பதினேழு. தகட்டில் இருந்ததேதான். எழுத்துக்கு எழுத்து சரி.

ஆனால் எழுத்துகளுக்குக் குறுக்கே நான்கு கோடுகள் விழுந்திருந்தன. மேலிருந்து கீழாக. ஒன்றுபோல வளைந்து.

வளன் எண்ணுக்கு மேலும் கீழும் இரும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. பெட்ரோல் துணியால் துடைத்தார். அருணாசலத்தையும் தடவச் சொன்னார். அவன் விரலுக்கும் எண்ணைத் தவிர வேறெதுவும் தட்டுப்படவில்லை. வேறு தாள் எடுத்தார். மறுபடி தேய்த்தார். சரக்… சரக்… பாதியில் கை நின்றது.

இந்தத் தடவை எண் விழவில்லை. கை விழுந்திருந்தது. தாளுக்கும் இரும்புக்கும் நடுவில் யாராவது உள்ளங்கையை வைத்திருந்தால் எப்படி விழுமோ, அப்படி. சின்னக் கை. ரேகைகள்கூடத் தெரிந்தன. சுண்டுவிரல் மட்டும் மடங்கியிருந்தது.

"என் கை இல்ல," என்றார் வளன். குரல் வேறு யாருடையதோ போல இருந்ததாம். "என் கை மேல இருக்கு."

பின்னாலிருந்து சிவசண்முகம் கேட்டார். "நம்பர் சரிதானே?"

வளன் சிலுவை போட்டுக்கொண்டார். பூதலிங்கத்தை மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அருணாசலமும் கூடப் போனான்.

"நம்பர் சுத்தம். வருசம் சுத்தம். வண்டி வேண்டாம்."

"நம்பர் சுத்தம்னா பொறவு என்ன வே?"

"என்னண்ணு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆயிசு பூரா தேய்ச்ச கை இது. இரும்புல இல்லாதது தாள்ல விழாது. விழுந்திருக்கு. வேண்டாம்னு சொல்லுதேன், கேளும்."

"பயந்துட்டீராக்கும். போயி உங்க கோயில்ல மெழுகுவத்தி ஏத்தும்."

"ஏத்துதேன். உம்ம மகளுக்கும் சேத்தே ஏத்துதேன்," என்றார் வளன். பென்சிலைக்கூட எடுக்காமல் ரோட்டில் இறங்கி நடந்துவிட்டார். மனுஷன் திரும்பிப் பார்க்கவே இல்லையாம்.

பூதலிங்கம் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். நேருக்கு நேராகக் கேட்டார்.

"யாரு பேருக்கு வாங்கின வண்டி?"

"மக பேருக்கு."

"மக எங்க?"

சிவசண்முகம் வெயிலைப் பார்த்துக்கொண்டு, "கேட்டுட்டீரு," என்றார். "நம்ம ஆளுக்குப் பொய் சொல்லி விக்கப்படாது."

சொன்னார். கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார் என்று அருணாசலம் சொன்னான். மகள் பெயர் ப்ரியா. படிக்கப் போன இடத்தில் கடற்கரைப் பையன் ஒருவனோடு பழக்கம். பெயர் ஜெர்வின். தசரா சமயத்தில் அவனோடு போய்விட்டாள். குலசேகரன்பட்டினத்தில் ஒரு வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும், இவரும் இவருடைய தம்பியும் இந்த வண்டியில் போனார்கள். கையில் மருதாணி இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் கல்யாணமாம். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"சீட்டுல உக்கார வச்சா ஊரே பாக்கும். தசராக் கூட்டம். வேஷம் கட்டினவன் எல்லாம் காணிக்கை கேட்டு கண்ணாடிக்குள்ள எட்டி எட்டிப் பாக்கான். காளி வேஷத்துலயும் குறவன் வேஷத்துலயும் நம்ம ஊர் ஆளு எத்தன பேரு இருக்கானோ, யாரு கண்டா? அதான் டிக்கில வச்சேன்."

பூதலிங்கம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நாங்குநேரி வரைக்கும் தட்டினா. களக்காடு தாண்டித் தட்டல. சரி, அழுது ஓஞ்சு தூங்கிட்டானு நெனச்சேன்."

பொன்னுருகக் காயும் புரட்டாசி என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்களே, அந்த வெயில். தகரப் பெட்டி. குலசேகரன்பட்டினத்திலிருந்து பாபநாசம் வரைக்கும்…

"ஊருக்கு என்ன சொன்னீரு?" என்று கேட்டார் பூதலிங்கம்.

"காய்ச்சல்."

"வெளில யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

பூதலிங்கம் தோள் துண்டைச் சரி செய்துகொண்டார். "அப்பச் சரி," என்றார்.

உங்களில் ஒருவன் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. முணுமுணுக்க வேண்டாம். சபையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் பிறந்துவிட்டீர்கள். அந்த மாடலில், அந்த வருஷத்தில், அவர் கைக்கு எட்டுகிற வண்டி ஜில்லாவிலேயே அது ஒன்றுதான். எண்ணும் அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது. வேறு என்ன செய்வார் அந்த மனிதர்?

அருணாசலம்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் பின்னால் சத்தம். டொக்… டொக்… ஸ்டெப்னி ஆடுகிறது என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினான். வண்டி நின்ற பிறகும் கேட்டது. டொக். பூதலிங்கம் நேரே பார்த்துக்கொண்டு, "ஓட்டும்," என்றார்.

வீட்டில் ஞானம்பாள், அவருடைய சம்சாரம், மஞ்சள் நீரோடு காத்திருந்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார்கள். தெருவே வந்து பார்த்தது. அடுத்த நல்ல நாளில் உலகநாதன் வந்தார். முன்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தகட்டை வாசித்தார்.

"எஸ். ஆமா, எஸ்தான் போட்டிருக்கு பாருங்க. தொண்ணூத்தஞ்சேதான். சம்பந்தி வாக்கு சுத்தம்," என்றார்.

"பின்ன என்ன நெனச்சீங்க?" என்றார் பூதலிங்கம். எல்லாரும் சிரித்தார்கள். டிக்கிக்குள் இன்னொரு எண் இருப்பது உலகநாதனுக்குத் தெரியாது. பூதலிங்கமும் சொல்லவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்னால் தாயும் மகளும் அந்த வண்டியில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் வந்தார்கள். வந்ததிலிருந்து அனுராதா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் அப்பாவும் அருணாசலமும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"அப்பா, அந்த வண்டில பின் சீட்டுல சாஞ்சா முதுகுல யாரோ சொரண்டுதாங்க."

பூதலிங்கம் பேப்பரை மடித்து வைத்தார்.

"மருதாணி வாடை வருது. காதுக்குப் பின்னால மூச்சு விடுத மாதிரி இருக்கு. அம்மாட்டச் சொன்னா சிரிக்கா. எனக்குக் கார் வேண்டாம்ப்பா. பாளையங்கோட்டை மாமாட்ட நீங்க சொன்னா கேப்பாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அருணாசலம் அவர் முகத்தைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தானாம்.

"சபையில சொன்ன வாக்கு," என்றார் பூதலிங்கம். "கல்யாணத்துக்கு முன்னால இந்தப் பேச்சு வெளில போச்சுன்னா, பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு முடிச்சிருவாங்க. நீ இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாது. உங்க அம்மைகிட்டயும்."

"சரிப்பா," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் முகூர்த்தம். சேரன்மகாதேவியிலேயே கல்யாணம். குறைசொல்ல ஒன்றுமில்லாத கல்யாணம். சாப்பாடு முடிந்து, நல்ல நேரம் பார்த்து, பொண்ணையும் மாப்பிள்ளையையும் அந்த வண்டியில் ஏற்றினார்கள். உச்சி வெயில். ஞானம்பாள் அழுதாள். அனுராதா ஏறும்போது அப்பா முகத்தைப் பார்த்தாள்.

ஓட்டியது அருணாசலம். முன்னால் அவன் மட்டும். பின் சீட்டில் அவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளை பத்தமடை வருவதற்குள் தூங்கிவிட்டான். விடிய விடிய விழித்த களைப்பு. அனுராதா தலையைக் குனிந்து அழுதுகொண்டே வந்தாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண் அழுவதில் என்ன இருக்கிறது? அருணாசலம் கண்ணாடியில் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

மேலச்செவல் தாண்டி ஒரு சின்னப் பாலம். வண்டி ஒரு குதி குதித்து இறங்கியது.

அருணாசலம் கண்ணாடியில் பார்த்தான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் காய்ந்து கிடந்தது. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது… அதே அழுகை. அதே விக்கல். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவள் கதவுக் கண்ணாடியைச் சுழற்றி முழுசாக இறக்கினாள். தலையை வெளியே நீட்டி, வாயைத் திறந்து, தாகத்தில் தண்ணீர் குடிப்பவள்போலக் காற்றைக் குடித்தாள். பூவெல்லாம் உதிர்ந்து பறந்தது. மாப்பிள்ளை விழித்துக்கொண்டான்.

"என்ன செய்யுத?"

"காத்து," என்றாள். "எவ்வளவு காத்து."

அனுராதாவின் குரல்தான். அதில் சந்தேகமில்லை என்றான் அருணாசலம். பிறகு அவள் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஆரத்தி எடுத்தார்கள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். எல்லாரும் அவள் பின்னால் போன பிறகு அருணாசலம் டிக்கியைத் திறந்தான். உள்ளே ஸ்டெப்னியும் விரிப்பும். வேறொன்றும் இல்லை. விரிப்பில் கை வைத்தான். ஈரமாக இருந்தது. கண்ணீரா வேர்வையா, அவனுக்குத் தெரியவில்லை. மூடிவிட்டு பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டான்.

மூன்றாம் நாள் மறுவீடு. பொண்ணும் மாப்பிள்ளையும் பொண்ணு வீட்டுக்கு விருந்துக்கு வரவேண்டும். உலகநாதனும் கூட வந்தார். அதே வண்டி. வாசலில், வெயிலில் நின்றது. வந்தவர்கள் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். ஞானம்பாள் மகளைக் கட்டிப்பிடித்தாள். பிடித்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். மரியாதையாக, புது இடத்துக்கு வந்த மருமகள்போல, ஞானம்பாளிடம் கேட்டாள்.

"அடுப்படி எங்கன இருக்கு?"

பிறந்து வளர்ந்த வீடு.

உலகநாதன் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சம்பந்தி. மூணு நாள்ல பொறந்த வீட்டை மறந்துட்டா. இப்படில்லா மருமக வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பூதலிங்கமும் சிரித்தார். ஞானம்பாள் அவர் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்தாள். அருணாசலம் அங்கே வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தான்.

"அது என் பிள்ளை இல்லைங்க."

"என்ன பேச்சு பேசுத?"

"கட்டிப்பிடிச்சேன். என் பிள்ளை இல்ல. கொதிக்குது அது உடம்பு. நம்ம பிள்ளை எங்க? நீங்க எதையோ மறைக்கீங்க. என் பிள்ளைய என்ன செஞ்சீங்க?"

"சம்பந்தி உக்காந்திருக்காரு," என்றார் பூதலிங்கம். குரலை உயர்த்தவில்லை. "வாயை மூடிட்டு இலை போடு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கினார். வெயிலில் நிற்கிறது, நிழலில் தள்ளி நிறுத்துகிறேன் என்று சொன்னார். அருணாசலம் அவர் பின்னாலேயே போனான்.

தெருவில் ஆள் இல்லை. வண்டியின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. பூதலிங்கம் முன்பக்கம் போகவில்லை. பின்பக்கம் போய் நின்றார். டொக். ரொம்ப மெதுவாக… விரல் கணுவால் தட்டுகிற சத்தம். அவர் குனிந்தார். டிக்கியில் சாவியை நுழைத்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. அடங்கிய குரல். பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற குரல்.

"அப்பா… ஊரு வந்தாச்சா?"

சாவி திரும்பவில்லை.

"யாரும் நிக்காங்களா அப்பா? நின்னா தெறக்க வேண்டாம். அவங்க போன பொறவு பைய தெறங்க. நான் இருப்பேன்."

"தெறங்க அண்ணாச்சி," என்றான் அருணாசலம். அழுதுவிட்டான். "தெறந்துருங்க."

பூதலிங்கத்தின் கை சாவியில் இருந்தது. கொஞ்சம் திருப்பினார். அந்த நேரத்தில் உலகநாதன் வாசல்படிக்கு வந்தார்.

"என்ன சம்பந்தி? பந்தி ரெடியாயிட்டு. நீங்க வெயில்ல நின்னு டிக்கியத் தடவிட்டு இருக்கீங்க. உள்ள எதுவும் கெடக்கா?"

பூதலிங்கம் நிமிர்ந்தார். எப்போதும் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி. வெயிலுக்குத் தகரம் விரியுது. அந்தச் சத்தம்."

சொல்லிவிட்டு, டிக்கியின்மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அழுகிற குழந்தையை அதட்டும்போது தட்டுவோமே, அப்படி. பிறகு சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே போனார். இலையில் உட்கார்ந்தார். பரிமாறியது அந்தப் பெண்தான்.

வெளியே, அருணாசலம் டிக்கியில் காதை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு சத்தமும் இல்லை.

அனுராதா எப்போதும் அப்பா பேச்சைக் கேட்கிற பிள்ளை.